ஹவுஸ் ஓனர் இறந்துவிட்டார், மகன் அடுத்த மாதமே காலி பண்ணச் சொல்கிறார். 2018-இல் எழுதிய 20 ரூபாய்ப் பத்திரம் இப்போது செல்லுமா?

மாடிப்போர்ஷன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை நங்கநல்லூரில் ஒரு தனி வீட்டின் மாடிப் போர்ஷனில் 2018 ஜூனிலிருந்து குடியிருக்கிறோம். நான், மனைவி, பத்தாவது படிக்கும் பெண். வரும்போது வாடகை 11,000, அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 1,10,000. 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம், அது 2019 ஏப்ரல் மாதத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் புதுப்பிக்கவே இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஓனர் மாடியேறி வருவார், உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு "இந்த வருஷம் ஒரு ஐந்நூறு, எழுநூறு சேர்த்துக்கோங்க" என்பார், நானும் சரி என்பேன். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். இப்போது 15,500 கொடுக்கிறேன். ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அவர் தவறிவிட்டார். கீழே அவருடைய மனைவி மட்டும் இருக்கிறார். மகன் பெங்களூரில், மகள் சிங்கப்பூரில். போன வாரம் மகன் வந்து, வீட்டை இடித்து பில்டரிடம் கொடுக்கப் போகிறோம், அடுத்த மாதக் கடைசிக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்றார். பெண்ணுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு என்று சொன்னேன். "அது உங்க பிரச்சினை சார்" என்று பதில். அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையைப் பெயிண்ட்டுக்குப் பிடித்துக்கொள்வாராம். இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. காலி பண்ணாவிட்டால் மாடி டேங்குக்கு மோட்டார் போட மாட்டோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சுவிட்ச் கீழே அவர்கள் வராந்தாவில்தான் இருக்கிறது.

இது போதாதென்று நேற்று மகள் வாட்ஸ்அப்பில், இனி பாதி வாடகையைத் தன் கணக்கில் போடச் சொல்லி அக்கவுண்ட் எண் அனுப்பியிருக்கிறார்.

புதுச் சட்டம் வந்திருக்கிறது என்கிறார்கள். அதில் எங்களுக்கு ஏதாவது பாதுகாப்பு உண்டா? வாடகையை நிறுத்திவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா? யாரிடம்தான் வாடகை கொடுப்பது?

பழையகுடித்தனம் எழுதியது:

பயப்படவே பயப்படாதீர்கள் சார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அவர் கோர்ட்டுக்குப் போய்த்தான் உங்களைக் காலி பண்ண வைக்க முடியும், அதற்குள் உங்கள் பெண் காலேஜ் முடித்துவிடுவாள். என் பெரியப்பா திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் 19 வருடம் கேஸ் நடத்தினார், கடைசியில் ஓனரே பணம் கொடுத்துக் காலி பண்ண வைத்தார். அதோடு பத்து மாத அட்வான்ஸ் வாங்கியதே சட்ட விரோதம். இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று மத்திய அரசு சட்டம் போட்டாயிற்று. முதல் வேலையாக வாடகையை நிறுத்துங்கள், தானாக வழிக்கு வருவார்கள்.

கருப்புக்கோட்டு எழுதியது:

மேலே எழுதியிருப்பதை தயவுசெய்து அப்படியே செய்துவிடாதீர்கள். நான் சென்னையில் வாடகை வழக்குகள் பார்க்கிறேன், அந்தப் பதிலில் இருப்பது எல்லாம் பெரியப்பா காலத்துச் சட்டம்.

அவர் சொல்கிற 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது கிடையாது. அதற்குப் பதிலாக வந்தது 2017-இன் 42-ஆவது சட்டம், சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் பொறுப்புகள் என்று நீளமான பெயர். நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. உங்கள் 11 மாதம் ஓடிக்கொண்டிருந்தபோதே சட்டம் மாறிவிட்டது, உங்கள் இருவருக்குமே அது தெரியவில்லை. சென்னையில் பாதி வீடுகளில் இந்தக் கதைதான்.

பழைய சட்டத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் வாடகை எவ்வளவு என்பதில் இல்லை, வாடகையை நீங்கள் பேசி முடிவு செய்துகொள்ளலாம். காகிதத்தில்தான் வித்தியாசம். எந்த வாடகையாக இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதை வாடகை அதிகாரியிடம் (துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர்) இணையதளம் மூலம் பதிய வேண்டும், ஒரு பதிவு எண் தருவார்கள். 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய கணக்கு இங்கே எடுபடாது. அந்தக் கணக்கு 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தில் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்று இருப்பதால் வந்தது. இது வேறு பதிவு. ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு முதலில் 90 நாள் அவகாசம் கொடுத்தார்கள், யாரும் வரவில்லை, திருத்தி 575 நாள் ஆக்கினார்கள், அதுவும் 2020-லேயே முடிந்துவிட்டது.

இப்போது உங்கள் விஷயம். ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் குடியிருந்தால், மாதா மாதம் நீட்டித்ததாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத்தான். அதற்கு மேல் நீங்கள் குடியிருந்தது எல்லாம் ஓனரின் நல்ல மனசில். ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி 21-ஆவது பிரிவின்படி வாடகை நீதிமன்றத்தில் காலி செய்ய மனு போடலாம். இடித்துக் கட்டுவதும் அந்தப் பிரிவில் ஒரு காரணம்தான். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்க மாட்டோம் என்று 4ஏ பிரிவு சொல்கிறது. ஆக அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் "எனக்கு உரிமை இருக்கிறது" என்று வாதாட முடியாது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் மகன் நினைப்பது போலவும் இல்லை. உத்தரவு இல்லாமல் அவர் உங்களை வெளியே தள்ள முடியாது, பூட்டுப் போட முடியாது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, இதையெல்லாம் நிறுத்தக்கூடாது என்று 20-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள், விசாரணை முடியும் வரை உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. மோட்டார் விஷயத்தை அவர் வாயால் சொன்னார் அல்லவா, நீங்கள் அதையே மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தியாக எழுதி அனுப்புங்கள், "நேற்று இப்படிச் சொன்னீர்கள், தண்ணீர் நிறுத்த வேண்டாம்" என்று. அவர் மறுக்காவிட்டால் அதுவே பிறகு உதவும்.

அட்வான்ஸ்: "இரண்டு மாதம்" என்பது மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தில் வருவது. மாநிலங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற மாதிரி மட்டும்தான் அது. வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நாலு தடவை "புதிய வாடகை விதிகள் அமல்" என்று சுற்றுவதும் பெரும்பாலும் இதுதான். நம் மாநிலச் சட்டம் சொல்வது மூன்று மாதம், அதுவும் "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்". நீங்கள் பத்து மாதத்துக்கு ஒத்துக்கொண்டு கொடுத்திருக்கிறீர்கள், அதனால் சட்ட விரோதம் என்று சண்டை போடாதீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி போகத் திருப்பித் தர வேண்டும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாடகையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மாதப் பாக்கியை நோட்டீஸ் கொடுத்தும் கட்டாமல் விட்டால் அதுவே காலி செய்ய இன்னொரு காரணம். கழித்துக்கொள்வது என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேறு விஷயம்.

வீட்டுக்காரம்மா எழுதியது:

ஓனர் பக்கமிருந்து ஒரு குரல் வேண்டாமா, நான் எழுதுகிறேன்.

பழையகுடித்தனம் அவர்களே, உங்கள் பெரியப்பா 19 வருடம் இழுத்த கதையை நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள், அந்தப் பக்கம் இருந்த ஓனர் வீட்டுக் கதை எனக்குத் தெரியும், ஏனென்றால் நாங்கள் அப்படி இருந்தோம். என் மாமியாருடைய வீட்டில் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தவர் மாதம் 300 ரூபாய் கொடுத்தார், அதே தெருவில் வாடகை 4,000 ஆன பிறகும். மாமியார் முட்டிவலியோடு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கேஸ் முடிவதற்குள் அவர் போய்விட்டார். அந்தச் சட்டத்தால்தான் ஊரில் எத்தனையோ பேர் வீட்டைப் பூட்டி வைத்தார்கள், வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும் என்று.

இப்போது எனக்கு மூன்று போர்ஷன். மூன்றுக்கும் ஒப்பந்தம் எழுதி இணையத்தில் பதிந்துவிட்டேன், முதல் தடவை ஸ்கேன் சரியாக ஏறாமல் உயிரை வாங்கியது, அப்புறம் பழகிவிட்டது. காலக்கெடு முடிந்தும் காலி பண்ணாவிட்டால் இரட்டை வாடகை கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருப்பதால் பேச்சு சுமுகமாகவே போகிறது. எனக்கும் கட்டுப்பாடு உண்டு, 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லாமல் குடித்தனக்காரர் வீட்டுக்குள் போய்ப் பார்க்கக்கூடாது. முன்பெல்லாம் குழாய் ஒழுகுதா பார்க்கிறேன் என்று நேராகச் சமையலறைக்குள்ளேயே போய்விடுவேன், இப்போது போவதில்லை.

பெயிண்ட் விஷயம். சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது ஓனர் பொறுப்பில் வருகிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு இதெல்லாம் குடித்தனக்காரர் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுதான் பேசும். உங்கள் பழைய பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் எடுத்துப் படியுங்கள். டைப் அடிக்கிற கடைகளில் எல்லாருக்கும் ஒரே மாதிரி அடித்துக் கொடுப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மகள் சிங்கப்பூரில் என்றதால் ஒரு வார்த்தை. அவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், அவருக்கு நீங்கள் கொடுக்கும் வாடகையில் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது நீங்கள். உள்ளூர் ஓனருக்கு மாதம் 50,000-க்கு மேல் கொடுத்தால்தான் தனிநபர் வரி பிடிக்க வேண்டும், அதுவும் 2024 அக்டோபரிலிருந்து 5 சதவீதம் 2 ஆகக் குறைந்துவிட்டது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த 50,000 வரம்பே கிடையாது. 7,750 ரூபாய் அனுப்பினாலும் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிக்க வேண்டும், அதற்கு நீங்கள் டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்குத் தரும் எண்) வாங்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மாடிப் போர்ஷன் குடித்தனக்காரருக்கு இது தேவையா? அக்கவுண்ட் எண் வந்ததும் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

கருப்புக்கோட்டு எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னது முக்கியமான விஷயம், நான் அதை யோசிக்கவில்லை.

யாரிடம் வாடகை கொடுப்பது என்ற கேள்விக்கு: வீடு இறந்தவரின் சுய சம்பாத்தியமாக இருந்து, உயிலும் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. அவருடைய அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஆகவே மகளின் "பாதி" என்ற கணக்கும் தவறு, மகன் தான் மட்டுமே ஓனர் போலப் பேசுவதும் தவறு. கீழே இருக்கும் அம்மாவை ரெண்டு பேருமே மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மூன்று பேருக்கும் ஒரே செய்தியாக அனுப்புங்கள்: "வாடகை தயாராக இருக்கிறது, மூவரும் சேர்ந்து எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள்." பதில் வராவிட்டாலோ, ஆளுக்கொன்று சொன்னாலோ, யாருக்குக் கொடுப்பது என்று உண்மையிலேயே சந்தேகம் இருக்கும்போது வாடகை அதிகாரியிடமே செலுத்த வழி இருக்கிறது. அப்போது பாக்கி வைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஒரு பங்குதாரர் தனியாகவே காலி செய்ய மனு போடலாம் என்பது உண்மைதான். ஆனால் இடித்துக் கட்ட பில்டரோடு ஒப்பந்தம் போட மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். வாரிசுச் சான்றிதழ், பட்டா, சொத்துவரி பெயர் மாற்றம் எல்லாம் முடியாமல் எந்த பில்டரும் கிட்டே வர மாட்டார். மூன்று மாதத்துக்கு முன் இறந்தவருடைய வீடு அடுத்த மாதமே இடிபடப் போகிறது என்பதை நான் நம்பவில்லை. அவசரம் எல்லாம் பேச்சில்தான்.

பழையகுடித்தனம் எழுதியது:

சரி, சட்டம் மாறியது தெரியாமல் எழுதிவிட்டேன். வீட்டுக்காரம்மா, உங்கள் மாமியார் விஷயம் வருத்தம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், பதியாமல் விட்டதற்கு ஓனருக்கு என்ன நஷ்டம்? பதியாததையே காரணமாகக் காட்டிக் காலி பண்ணச் சொல்லலாம் என்றால் அவர் எதற்குப் பதிவார்? குடித்தனக்காரன் "ஒப்பந்தம் போடுங்க, பதியுங்க" என்று கேட்டாலே வேறு வீடு பாருங்கள் என்கிறார்கள். எனக்கே நடந்திருக்கிறது.

கருப்புக்கோட்டு எழுதியது:

நியாயமான கேள்வி. சட்டத்தில் எனக்கும் பிடிக்காத இடம் அதுதான். பதிய வேண்டிய கடமை ரெண்டு பேருக்கும், பதியாவிட்டால் அடி பெரும்பாலும் ஒருவருக்கு. ஓனருக்கும் நஷ்டம் உண்டு, வாடகைப் பாக்கி போன்ற மற்ற காரணங்களை வைத்து வழக்குப் போடும்போது கையில் பதிவு செய்த காகிதம் இல்லையென்றால் அவரும் திணறுவார். ஆனால் வீட்டைத் திரும்ப வாங்க அவருக்கு ஒரு கதவாவது திறந்திருக்கிறது, குடித்தனக்காரருக்கு அதுவும் இல்லை. அட்வான்ஸைத் திரும்பக் கேட்க ரசீது, வங்கிக் கணக்கு விவரம் என்று அலைய வேண்டியதுதான். மாடிப்போர்ஷன் சார், அந்த 1,10,000 எப்படிக் கொடுத்தீர்கள், ரொக்கமா?

மாடிப்போர்ஷன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளில் நிறைய நடந்துவிட்டது.

அட்வான்ஸ் 80,000 செக், மீதி 30,000 ரொக்கம். வங்கிக்குப் போய் 2018 ஸ்டேட்மென்ட் வாங்கிவிட்டேன், செக் எண்ணோடு இருக்கிறது. ரொக்கத்துக்கு அந்தப் பத்திரத்தில் ஓனர் கையால் எழுதிய ஒரு வரிதான் சாட்சி, பேனா மை மங்கிப்போய் இருக்கிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பத்திரத்தை வீட்டுக்காரம்மா சொன்னபடி எடுத்துப் படித்தேன். ஏழு வருடத்தில் முதல் தடவை. "காலி செய்யும்போது பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை கழித்துக்கொள்ளப்படும்" என்று இருக்கிறது. ஒரு மாதம்தான், இரண்டு இல்லை.

மூன்று பேருக்கும் அந்தச் செய்தியை அனுப்பினேன். மகனிடமிருந்து பதில் இல்லை. மகளிடம் வரி விஷயத்தைச் சொன்னதும் "அம்மா கணக்கிலேயே போட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அன்று சாயங்காலம் கீழே இருந்து அந்த அம்மாவே மாடியேறி வந்தார், அவர் கணவர் மாதிரியே வாசலில் நின்றார். ஆனால் உள்ளே கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார். பையனிடம் பேசிவிட்டேன், பரீட்சை முடிகிற வரை இருங்கள் என்றார். மோட்டார் சுவிட்சைப் பற்றி நான் கேட்கவேயில்லை, அவரே "தண்ணி தினமும் காலையில நான் போடறேன்" என்றார்.

ஜூன் மாதக் கடைசி வரை ஒரு ஒப்பந்தம் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு, அதை இணையத்தில் பதிவது என்று பேசியிருக்கிறோம். மகன் இன்னும் முழுதாகச் சரி சொல்லவில்லை, ஆனால் வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறார்களாம். கருப்புக்கோட்டு சார் சொன்னது சரிதான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பெயிண்ட்டுக்கு ஒரு மாத வாடகை என்றால் அது பழைய 11,000-ஆ, இப்போதைய 15,500-ஆ?

வீட்டுக்காரம்மா எழுதியது:

பத்திரத்தில் வாடகை என்று எழுதியிருக்கிற தொகை 11,000 என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள். புது ஒப்பந்தம் எழுதும்போது தொகையை எண்ணாலும் எழுத்தாலும் போட்டுவிடுங்கள், இந்தக் கேள்வியே வராது. பத்து மாத அட்வான்ஸ் அவர்கள் கையில் இருக்கிறது என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுத மறக்காதீர்கள், அந்த 30,000 ரொக்கத்தையும் சேர்த்து.

கருப்புக்கோட்டு எழுதியது:

ஆமாம், அந்த 30,000-ஐ விட்டுவிடாதீர்கள். பதிந்த பிறகு வருகிற எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் மட்டும் வேண்டாம்.